கச்சான் ஊதிய உலை

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் ஏ4 வீதி, பெலிஹுல்ஓயாவையும் ஹல்துமுல்லையையும் கடந்து பெரகல சந்திக்கு வருகிறது. அங்கே இடப்பக்கம் பிரியும் வீதி ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைக்கு மேலேறும். நேரே போகும் வீதி கொஸ்லந்தை, வெல்லவாய என்று கீழே இறங்கும். யூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்தச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்குபவர் முதலில் சேலைத் தலைப்பையோ தலைத்துண்டையோதான் இறுக்கிப் பிடிப்பார். அவ்வளவு காற்று. லயத்துக் கூரைத் தகரத்தின்மேல் கல்லைத் தூக்கி வைப்பதும் இந்தக் காற்றுக்குப் பயந்துதான்.

தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் வற்றிய வேகக் காற்றாக மலைமுகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குகிறது. இதுதான் கச்சான். காய்ந்த காற்று படப்படத் தேயிலைக் கொழுந்து மெதுவாக வளரும்; இலைக்குள் வாசனைப் பொருள்கள் செறியும். யூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு ஏற்படும் அந்தத் தனி மணமும் ஏல விலையும் கச்சான் தந்த கொடை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இது தெரிந்த கதை.

தெரியாத கதை ஒன்றும் உண்டு. ஊவாவில் முதல் தேயிலைச் செடி நடப்படுவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, இதே பருவக்காற்றை நம்பி இந்த மலையடிவாரத்தில் பெருந்தொழில் ஒன்று நடந்தது. அது உருக்குத் தொழில்.

பெரகலயிலிருந்து தென்மேற்கே சமனலவெவ இருக்கிறது. வளவை ஆற்றை மறித்து அங்கே நீர்மின் அணை கட்டும் வேலை நடந்தபோது, நீரில் மூழ்கப்போகும் நிலத்தை முன்கூட்டியே பார்த்துப் பதிவுசெய்ய 1988 இல் தொல்லியல் கள ஆய்வு தொடங்கியது. அதில் இறங்கிய பிரித்தானிய ஆய்வாளர் ஜில் ஜூலெஃப், மலைச்சரிவுகளில் இரும்புக் கசடு குவியல் குவியலாகக் கிடப்பதைக் கண்டார். கசடு கிடந்த இடங்களைத் தேடித் தேடிக் குறித்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. ஒரே வகையைச் சேர்ந்த 77 உலைக்களங்கள், எல்லாமே மேற்கு நோக்கியவை. ஆற்றங்கரையிலோ ஊர் நடுவிலோ ஒன்றுகூட இல்லை. காற்று முகத்தில் அறையும் குன்று விளிம்புகளைத் தேடிப் பிடித்து அமைத்திருந்தார்கள். கி.பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை இவை எரிந்தன என்பது ஆய்வில் தெரியவந்தது.

அந்த நாள் உலோகவியல் அறிஞர்கள் பலர் இதை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. கல்லிலிருந்து இரும்பைப் பிரிக்க வேண்டுமென்றால் துருத்தி வேண்டும், அல்லது உயர்ந்த புகைபோக்கி வேண்டும் என்பதுதான் பாடநூல் சொன்னது. வெறும் காற்றை நம்பி நடத்தும் உலை சூடேறாது, ஏறினாலும் நிலைக்காது என்று கருதினார்கள். வாதாடிப் பயனில்லை என்றபோது ஜூலெஃப் குழுவினர் செய்துகாட்டினார்கள். 1994 இல், பழைய உலைகளின் அளவிலேயே புதிதாக உலை கட்டி, உள்ளூர்த் தொழிலாளர்களோடு பருவக்காற்றுக் காலத்தில் தீ மூட்டினார்கள். உலை எரிந்தது. வெளிவந்தது வெறும் இரும்பு அல்ல. அதில் கரிச்சத்து மிகுந்த உருக்கு இருந்தது. 1996 சனவரியில் ‘நேச்சர்’ இதழ் அந்த முடிவுகளை வெளியிட்டது.

உலையின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அறிவு முழுவதும் அதில்தான் இருக்கிறது. சரிவை வெட்டிப் பின்சுவரை மண்ணிலேயே அமைத்துவிடுவார்கள். அது பலமுறை பயன்படும். முன்சுவர் களிமண்ணால் ஆனது, ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலம், மேற்கைப் பார்த்து நேராக நிற்கும். அதன் அடியில் வரிசையாக மண்குழாய்கள். ஒவ்வொரு முறை உருக்கி முடித்ததும் முன்சுவரை உடைத்து உள்ளிருக்கும் இரும்பை எடுப்பார்கள்; அடுத்த முறைக்குப் புதிய சுவர் எழும்பும். உலையின் வாய் மேலே திறந்தே இருக்கும்.

காற்று அந்தக் குழாய்களுக்குள் நேரே அடித்துப் புகுந்து தீயை ஊதுகிறது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். நடப்பது அதைவிட நுட்பமானது. முன்சுவரில் மோதிய காற்று மேலெழும்பிச் சுவரின் விளிம்பைத் தாண்டிப் பாய்கிறது. பாயும்போது விளிம்புக்குச் சற்றுப் பின்னே, உலையின் வாய்க்கு நேர் மேலே, காற்றழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்ப உலைக்குள்ளிருக்கும் சூடான வளி மேலே உறிஞ்சப்படுகிறது. அதன் இடத்துக்குக் குழாய்கள் வழியே புதிய காற்று உள்ளே வருகிறது. விமானத்தின் இறக்கையை மேலே தூக்குவதும் இதைப் போன்ற அழுத்த வேறுபாடுதான். 2005 இல் எக்செற்றர் பல்கலைக்கழகத்தினர் இந்த உலையின் காற்றோட்டத்தைக் கணினியில் கட்டிப் பார்த்து அதே முடிவுக்கு வந்தார்கள். துருத்தியும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. ஒரு மண்சுவரை எந்த இடத்தில், எந்தத் திசையில், எந்த உயரத்தில் நிறுத்துவது என்ற அறிவு மட்டும்தான். அதைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

உள்ளே என்ன நடந்தது? குழாய் வாயருகே மரக்கரி எரிந்து 1,400 பாகை செல்சியஸைத் தாண்டும் சூடு பிறக்கிறது. எரியும் கரியிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வளி, மேலிருந்து இறங்கும் இரும்புக் கல்லிலுள்ள ஒட்சிசனைக் கவர்ந்துகொள்கிறது. கல்லில் கலந்திருந்த மண்ணும் மணலும் 1,200 பாகையை ஒட்டிக் கசடாக உருகி ஓடுகின்றன. மிஞ்சுவது இரும்பு. அது உருகாமலேயே, துகள் துகளாக ஒட்டிச் சேர்ந்து கட்டியாகிறது. கரியோடு கிடக்கும் நேரம் நீண்டால் இரும்பு கரிச்சத்தை உண்டு உருக்காகிறது. சாதாரணக் கட்டியுலைகளில் கிடைப்பது பெரும்பாலும் மெத்தென்ற இரும்பு. சமனலவெவ உலை நேரடியாகவே உருக்கைத் தந்தது என்பதுதான் உலகத்தை வியக்க வைத்த செய்தி.

வெப்பமானி இல்லாத காலம் அது. உலைக்காரருக்குச் சூட்டைச் சொன்னது ஒளி ஒன்றுதான்.

சூடான எந்தப் பொருளும் கதிர் வீசும். மனித உடலும் வீசுகிறது. அது அகச்சிவப்பு, கண்ணுக்கு எட்டாது. சூடு ஏற ஏறக் கதிர் வலுக்கும், அதன் அலைநீளமும் குறுகிக்கொண்டே வரும். ஏறத்தாழ 525 பாகையில், இருட்டில் நிற்பவரின் கண்ணுக்கு முதல் சிவப்பு தட்டுப்படும். அமெரிக்காவில் வாழ்ந்த ஜோன் வில்லியம் டிரேப்பர் 1847 இல் அளந்து சொன்ன எல்லை இது. இரும்பு, பித்தளை, மண், கரி எதுவானாலும் ஏறத்தாழ ஒரே சூட்டில்தான் சிவக்கத் தொடங்கும் என்பதை அவருக்கு முன்பே, 1792 இல், ஆங்கிலேய மட்பாண்டத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த தோமஸ் வெட்ஜ்வுட் கண்டு எழுதியிருந்தார். ஏன் அப்படி என்பதற்கான கணக்கு 1900 இல்தான் மக்ஸ் பிளாங்கிடமிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டு இயற்பியலின் பெரும்பகுதி அந்தக் கணக்கிலிருந்து முளைத்தது. பழுத்த இரும்பு ஏன் நீலமாக ஒளிராமல் சிவப்பாக ஒளிர்கிறது என்ற கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் குவாண்டம் கொள்கையே பிறந்தது.

முதலில் தெரியும் அந்த மங்கல் சிவப்பு 700 பாகையை நெருங்கும்போது இரத்தச் சிவப்பாகும். 800 ஐ ஒட்டிப் பளிச்சென்ற செம்மை. 900 தாண்டினால் செம்மஞ்சள், 1,000 முதல் 1,100 வரை மஞ்சள், 1,300 ஐத் தொட்டால் வெண்மை. அதற்குமேல் இரும்பு ஒளிர்வதோடு நிற்காது, தானே எரியத் தொடங்கும். பொறி சிதறும். அந்தப் பொறியிலும் செய்தி உண்டு. கரிச்சத்துக் குறைந்த இரும்பின் பொறி நீண்ட கோடாகப் பறந்து அணையும். கரிச்சத்து மிகுந்த உருக்கின் பொறி நடுவழியில் வெடித்துக் கிளைகிளையாக விரியும். தீபாவளி மத்தாப்பில் பூவாக விரிவதும் எரியும் இரும்புத் தூள்தான்.

ஆனால் மூடிய உலைக்குள் எட்டிப் பார்ப்பவரின் நிலைமை வேறு. உள்ளே எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால், இரும்பும் கரியும் மண்சுவரும் ஒரே ஒளியில் கரைந்துவிடும். விளிம்பு தெரியாது, நிழல் தெரியாது. எது உலோகம், எது கல் என்று கண்ணால் பிரிக்க இயலாது. வெளியே இழுத்து எடுத்த மறுகணமே வேறுபாடு வெளிப்படும். கட்டியின் மூலைகளும் விளிம்புகளும் முதலில் ஆறி மங்கும், நடுப்பகுதி மஞ்சளாகவே நிற்கும். மேற்பரப்பில் காற்றுப் பட்டு ஒட்சைட்டுத் தோல் கட்டும். அந்தச் செதில் சீக்கிரம் ஆறிக் கறுத்துத் தெரியும். சம்மட்டி விழுந்து அது உதிர்ந்த இடத்தில் அடியிலிருக்கும் பழுத்த இரும்பு பளிச்சென்று கண்விழிக்கும்.

எல்லா உலோகமும் இப்படி நடந்துகொள்வதில்லை. ஈயம் 327 பாகையிலும் வெள்ளீயம் 232 பாகையிலும் உருகிவிடும், சிவக்கும் முன்பே. அலுமினியம் 660 பாகையில் உருகும். அதன் மேற்பரப்பு கதிரை மிகக் குறைவாகவே வீசுவதால், பகல் வெளிச்சத்தில் உருகிய அலுமினியம் வெள்ளித் தண்ணீராகவே தெரியும். சூடு தெரியாமல் கைவைத்துப் புண்பட்ட வார்ப்புத் தொழிலாளர்கள் பலர். செம்பு 1,085 பாகையில் உருகும், அப்போது ஒளியில் சற்றுப் பச்சை கலந்திருக்கும். வெள்ளி உருகியிருக்கும்போது காற்றிலிருந்து ஒட்சிசனை உறிஞ்சி வைத்திருந்து, உறையும்போது அதைக் கக்கித் துப்பும்.

இரும்பின் பெருமை வேறொன்றில் இருக்கிறது. 500 பாகைக்குச் சற்று மேலே ஒளிரத் தொடங்கும் தூய இரும்பு, உருகுவது 1,538 பாகையில். இடையே ஆயிரம் பாகை. அந்த ஆயிரம் பாகை முழுவதும் இரும்பு திண்மமாகவே இருந்து, மேலே போகப் போக இளகிக்கொண்டே வருகிறது. அடிக்கலாம், வளைக்கலாம், நீட்டலாம், முறுக்கலாம். வெண்சூட்டில் இரண்டு துண்டை ஒட்டவும் செய்யலாம். கொல்லன் என்ற ஒரு தொழிலாளி உலகில் இருப்பதற்கே காரணம் இந்த இடைவெளிதான். ஒளிர்ந்தவுடன் உருகிவிடும் உலோகமாக இரும்பு இருந்திருந்தால் பட்டடையும் சம்மட்டியும் பிறந்தே இருக்காது.

கொல்லன் உலை எப்போதும் நிழலான கொட்டகைக்குள் இருப்பதற்கும் காரணம் உண்டு. வெயிலில் 600 பாகை இரும்பு கறுப்பாகத் தெரியும். அதே துண்டு கொட்டகைக்குள் சிவந்து தெரியும். வெளிச்சம் மாறினால் கண் ஏமாறும், கண் ஏமாந்தால் கத்தி கெடும்.

மலையகத் தோட்டங்களில் இந்தக் கண்ணுக்கு வேலை நிறையவே இருந்தது. மண்வெட்டி, முள்ளு, அலவாங்கு, கவ்வாத்துக் கத்தி எல்லாம் மழுங்கித் தேய்ந்து மறுபடி மறுபடி உலைக்கு வரும். கவ்வாத்துக் கத்திக்குத் தோய்ச்சல் வைப்பதைக் கிட்ட நின்று பார்த்தால், இரண்டு வகை நிறங்களை ஒருவர் ஐந்து நிமிடத்துக்குள் கையாளுவதைக் காணலாம்.

முதலில் கத்தியின் வாய் செம்மை ஏறும்வரை உலையில் கிடக்கும். 727 பாகையைத் தாண்டியதும் உருக்குக்குள் அணுக்கள் அடுக்கு மாறி நின்று கரிச்சத்தைத் தங்களுக்குள் கரைத்துக்கொள்கின்றன. 770 பாகையில் இரும்பு காந்தத்துக்கு இழுபடும் குணத்தையே இழக்கிறது. இந்தக் கட்டத்தில் கொறட்டால் எடுத்துத் தண்ணீரில் முக்கினால், வெளியேற நேரமில்லாமல் கரி உள்ளே சிக்கிக்கொள்ளும். கத்தி கல்லைப் போல் இறுகும். ஆனால் கீழே போட்டால் உடையும்.

அதனால் இரண்டாவது வேலை. முக்கி எடுத்த கத்தியின் வாயைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்புறத்தில் தேங்கியிருக்கும் மிச்சச் சூடு மெல்ல மெல்ல வாய்ப் பக்கம் பரவ விடுவார்கள். பளபளத்த பரப்பில் நிறங்கள் ஊர்ந்து வரும். 220 பாகையில் வைக்கோல் நிறம், 255 இல் பழுப்பு, 280 இல் ஊதா, 300 இல் நீலம். இது ஒளிரும் நிறம் அல்ல. இரும்பின்மேல் படியும் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தில் ஒளி பட்டுப் பிரிவதால் வரும் நிறம். சோப்புக் குமிழியில் தெரிவதும் இதே வகை. வாய்க்கு வைக்கோல் நிறம் வந்ததும் மறுபடி முக்கினால் கூர் நிற்கும் கத்தி. நீலம் வரை விட்டால் வில்லுக்கு ஏற்ற வளைவு வரும், கூர் நிற்காது. ஒரே துண்டு இரும்பு, நூறு பாகைக்குள் கத்தியாகவும் வில்லாகவும் மாறுகிறது. இந்த நிறங்களைப் பள்ளிக்கூடமே போகாத ஆசாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணில் வைத்திருந்தார்கள்.

ஆறும் உருக்கில் இன்னொரு விந்தை உண்டு. இருட்டில் வைத்து ஆறவிட்டால், மங்கிக்கொண்டே வரும் சிவப்பு ஏறத்தாழ 700 பாகையில் திடீரென்று ஒரு கணம் பிரகாசமாகும், பிறகுதான் அணையும். அணுக்கள் பழைய அடுக்குக்குத் திரும்பும்போது உள்ளே பூட்டியிருந்த வெப்பத்தை வெளிவிடுவதே காரணம். டப்ளினில் பேராசிரியராக இருந்த வில்லியம் பரெட் 1873 இல் இதை ஆராய்ந்து எழுதினார். உலையருகே இராப்பகலாக நின்ற கண்கள் அதற்கு முன்பு எத்தனை முறை அந்த மின்னலைப் பார்த்திருக்குமோ!

காற்றுலைகளில் எடுத்த இரும்போடு இந்தப் பகுதியின் திறமை நிற்கவில்லை. மூசையில் உருக்குக் காய்ச்சும் தொழிலும் இங்கே நடந்தது. அதை நேரில் பார்த்து எழுதிவைத்தவர் ஒரு தமிழர் மகன். சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877 இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியை இன்று கலை வரலாற்றாசிரியராக உலகம் அறியும். அவர் தொடங்கியதோ புவியியலாளராக. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைக்குத் தலைமை தாங்கி மலைமலையாகச் சுற்றினார். தோரியனைட்டு என்ற கனிமத்தை உலகுக்கு அறிமுகம் செய்தவர்களில் ஒருவர். அந்தச் சுற்றலில்தான் பலாங்கொடைப் பக்கத்து ஹட்டரபாகேயில் இரும்பு உருக்கத் தெரிந்தவர்களும் அலுத்நுவரவில் உருக்குக் காய்ச்சத் தெரிந்தவர்களும் மிகச் சிலரே மிஞ்சியிருப்பதை அறிந்தார். அவர்களைக் கொண்டு செய்துகாட்டச் சொல்லிப் பதிவுசெய்தார். 1908 இல் வெளிவந்த அவருடைய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலில் அந்தப் பதிவு இருக்கிறது. கல்லைப் படிக்க வந்தவர், கல்லை உலோகமாக்கும் கைகளை மதிக்கக் கற்றுக்கொண்டார். பின்னாளில் அவர் எழுதிய எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் என்று துணிந்து சொல்லலாம்.

இரும்புத் துண்டையும் ஆவாரை மரச் சிராய்களையும் நீண்ட மண்குழாய் மூசைக்குள் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, கரியுலையில் வைத்துக் காய்ச்சுவது அவர்களின் முறை. மூடிய மூசைக்குள் மரம் கரியாகி, கரி இரும்புக்குள் இறங்கும். கரி ஏற ஏற இரும்பு உருகும் சூடு தாழும், 4.3 வீதம் கரி சேர்ந்தால் 1,147 பாகையிலேயே உருகிவிடும். மூசை உருக்குக்கு அவ்வளவு கரி தேவையில்லை, ஒன்றரை வீதத்தை ஒட்டி இருந்தால் போதும். ஆறியதும் மூசையை உடைத்தால் உள்ளே கோல் வடிவில் உருக்கு. பக்தாத்தில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீபு, அதாவது இலங்கை, வாள்களைத் தனியாகக் குறிப்பிடுகிறார். அந்த நூல் எழுதப்பட்ட நாளில் சமனலவெவக் குன்றுகளில் உலைகள் எரிந்துகொண்டிருந்தன.

கடலுக்கு அக்கரையிலும் இதே குடும்பத்துத் தொழில். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் தோண்டத் தொடங்கிய அகழாய்வில் இரும்பு உலைகளும் மூசைகளும் கிடைத்தன. சேலத்துக் கஞ்சமலை இரும்புக் கல் 1830 இல் ஆங்கிலேயர் ஜே.எம். ஹீத் என்பவரைப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கத் தூண்டியது. சேலம், திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த குடும்பங்களில் கொல்லர்களும் இருந்தார்கள். இரும்புக்குப் பேர்போன ஒரு நாட்டிலிருந்து இரும்புக்குப் பேர்போன இன்னொரு நாட்டுக்கு வந்தவர்கள் அவர்கள். வந்து சேர்ந்தபோது இரண்டு பக்கமும் உலைகள் அணைந்துகொண்டிருந்தன.

தென்னிந்திய மூசை உருக்கு 1790களில் பம்பாயிலிருந்து லண்டன் அரச கழகத்துக்குப் போனது. மைக்கேல் பரடேயும் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடர்ட்டும் 1819 முதல் அதைப் பகுத்து ஆராய்ந்தார்கள். ஆங்கிலேயக் கொல்லர் பலருக்கு அது கைக்கு அடங்கவில்லை. தங்கள் மெல்லிரும்பைப் போல் வெண்சூட்டுக்கு ஏற்றி அடித்தார்கள். உருக்கு நொறுங்கிச் சிதறியது. கரிச்சத்து மிகுந்த அந்த உருக்கைச் செம்மைக்கு மேலே போகவிடாமல், பொறுமையாக, பலமுறை சூடேற்றி அடிக்க வேண்டும். சூட்டின் நிறத்தை நிதானிக்கும் கண் இருந்த இடத்தில் அது உலகின் முதல் தர வாளானது. இல்லாத இடத்தில் தூளானது. தரம் உலோகத்தில் பாதி, பார்க்கும் கண்ணில் பாதி என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இலங்கையில் இந்தத் தொழிலைச் செய்த குடிகளை யமன்னு என்று அழைத்தார்கள். 1816 முதல் 1820 வரை இங்கே இராணுவ மருத்துவராக இருந்த ஜோன் டேவி, 1821 இல் வெளியிட்ட நூலில் கண்டி நாட்டு இரும்புருக்கலை விவரிக்கிறார். மாட்டுத்தோல் துருத்திகளைக் காலால் மாறி மாறி மிதித்து ஊதும் சிறிய உலை அது. காற்றுலைகள் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே நின்றுபோயிருந்தன. துருத்தி உலையாவது தொடர்ந்தது. பிறகு கோப்பித் தோட்டங்கள் வந்தன, காடுகள் முடிக்குரிய நிலமாயின, மரக்கரிக்கு மரம் அரிதாயிற்று. கப்பலில் வந்து இறங்கிய பிரித்தானிய இரும்பு மலிவாகக் கிடைத்தது. 1893 இல் ரயில் பாதை ஹப்புத்தளையை எட்டியது, மறு ஆண்டு பண்டாரவளையை, 1924 இல் பதுளையை. தண்டவாளமும் தேயிலை இயந்திரமும் மண்வெட்டியும் சீமையிலிருந்து வந்தன. உலகுக்கு உருக்கு அனுப்பிய மலையடிவாரம் இரும்பை வாங்கிக்கொள்ளும் மலையாகிவிட்டது. மலிவுக்கு முன்னால் ஒரு திறமை எவ்வளவு வேகமாகத் தோற்றுப்போகிறது என்பது வருத்தம் தரும் உண்மை. குமாரசுவாமி ஒரு தலைமுறை தாமதித்து வந்திருந்தால், செய்துகாட்ட எவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சமனலவெவ நீர்த்தேக்கம் 1992 இல் 120 மெகாவாட் மின் நிலையத்தோடு இயங்கத் தொடங்கியது. ஆய்வு செய்த இடங்களில் சில தண்ணீருக்குள் போய்விட்டன. சரிவுகளில் மேலே இருப்பவை இன்னும் மண்ணுக்கடியில் இருக்கின்றன. மலையகப் பாடசாலைகளில் பிள்ளைகள் தேயிலை வரலாற்றைப் படிக்கிறார்கள். அதுவும் முழுமையாக இல்லை. தங்கள் கூரையைத் தூக்கும் கச்சானைக் கொண்டு இந்த மலையடிவாரத்தில் உருக்கு எடுத்தார்கள் என்பதை ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, பெரகலப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் சொல்ல வேண்டும். விஞ்ஞானப் பாடத்தில் காற்றழுத்தமும் வெப்பக் கதிர்வீசலும் வரும் நாளில், ஐரோப்பிய எடுத்துக்காட்டோடு இதையும் சேர்த்துச் சொல்ல ஒரு பாடவேளை போதும்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. மலைச்சரிவில் கான் வெட்டும்போதோ வீட்டுக்கு அத்திவாரம் தோண்டும்போதோ, கண்ணாடி போல் வழுவழுத்து, கனத்து, குமிழிக் குழிகளோடு கறுத்த கட்டிகள் குவியலாகக் கிடைத்தால், அல்லது ஒரு முனை தீய்ந்து உருகிய மண்குழாய்த் துண்டு கிடைத்தால், அதை அள்ளிப் பாதைக்குக் கொட்டிவிட வேண்டாம். கிடந்த இடத்திலேயே விட்டு, படம் எடுத்து, கிராம உத்தியோகத்தருக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இத்தகைய சின்னங்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது.